ஒரு சமூகத்தில் பக்கவாதம் எவ்வளவு என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ மூளையின் ஒரு பகுதி செயலிழப்பதுதான் பக்கவாதம். அது ஒரு சமூகத்தில் எவ்வளவு என்பதற்கு ஒரே எண் போதாது. ஓர் ஆண்டில் ஒரு லட்சம் பேரில் எத்தனை பேருக்குப் புதிதாக வந்தது என்பது நிகழ்வு வீதம். எப்போதோ வந்து, இன்றும் உயிரோடு இருப்பவர்களின் கணக்கு பரவல் வீதம்.

தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் விழுவது புதிய நோயாளிகள், தொட்டியில் நிற்கும் மட்டம் பரவல், அடியில் வடிவது இறப்பு.

குழாயை அளப்பதுதான் கஷ்டம். மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் எண்ணினால், வரும் வழியிலேயே இறந்தவரும் விடுபடுவார். கை லேசாக மரத்துப்போய், 'சரியாகிவிடும்' என்று வீட்டிலேயே இருந்துவிட்டவரும் விடுபடுவார். அதனால் நல்ல ஆய்வுகள் இறப்புச் சான்றிதழ், ஸ்கேன் மையம், அக்கம்பக்க மருத்துவர் என எல்லா இடத்திலும் துழாவும். முதியோர் நிறைந்த ஊரில் எண் இயல்பாகவே கூடும் என்பதால் வயதையும் சரிக்கட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

நோயாளிகளின் நிலையை அறிய, முதல் 28 அல்லது 30 நாளில் இறந்தவர் விகிதத்தைப் பார்ப்பார்கள். பிறகு, பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில், ஒருவர் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு தானே நடத்துகிறார் என்று பார்க்கும் ரேங்கின் அளவுகோல்: 0 என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் இறப்பு. 2 என்றால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார். 3 என்றால் நடப்பார், ஆனால் சில வேலைகளுக்கு ஆள் துணை வேண்டும். குடும்பத்துக்கு இந்த ஒரு படிதான் மலையளவு.

பக்கவாதத்தோடு வாழ்பவர்கள் கூடினால் நோய் பெருகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் குழாயில் தண்ணீர் அதே வேகத்தில் விழுந்தாலும், வடிவது குறைந்தாலே மட்டம் ஏறும்.