கூட்டணி பலமும் கைவிடப்பட்ட இருவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புல்மன் நகரைப் பற்றிய உங்கள் நினைவுக் குறிப்பில், அங்கே நீங்கள் படித்த வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 'கூட்டணி கலைந்து தெருவில் நின்றது' என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் டாலஸில் வசிக்கிறேன். என் மகன் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். நாட்டிலேயே வலிமையான கான்ஃபரன்ஸ், தென்கிழக்குக் கல்லூரிகளின் எஸ்இசி-தான் என்று அவன் அடித்துச் சொல்கிறான். அவனுடைய கல்லூரியே அதில் 2024 ஜூலையில்தான் சேர்ந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு கூட்டணியின் வலிமையை எதைக் கொண்டு அளக்கிறார்கள்? கூட்டணி மாற்றங்களால் நன்மையே இல்லையா? 2011-க்குப் பிறகு நின்றுபோயிருந்த டெக்சஸ் - டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆட்டம் இதனால்தானே திரும்பக் கிடைத்தது? கடைசியாக ஒன்று: சனிக்கிழமை காலையில் வரும் காலேஜ் கேம்டே நிகழ்ச்சியில், கூட்டத்துக்கு மேலே வாரந்தோறும் ஓர் அடர்சிவப்புக் கொடி தெரிகிறது. அது யாருடையது?

அன்புடன்,
ம., டாலஸ்

அன்புள்ள ம.,

கடிதத்துக்கு நன்றி. தங்களுக்குள் ஆட்டங்களை வைத்துக்கொள்ளும் கல்லூரிகளின் குழுதான் கான்ஃபரன்ஸ். அதை மாநாடு என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும் என்பதால், நானும் உங்களைப் போலக் கூட்டணி என்றே சொல்கிறேன். தொகுதிப் பங்கீடு, கடைசி நேரப் பேரம், இரவோடிரவாக அணி மாறுதல் என்று அந்தச் சொல்லோடு நம் மனத்தில் ஒட்டியிருப்பவை எல்லாம் இங்கும் பொருந்துகின்றன.

வலிமையை அளப்பதில் உள்ள சிக்கலை முதலில் பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மேல்தட்டில் 130-க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் வழக்கமான பருவத்தில் ஆடுவது 12 ஆட்டங்கள்தான். அவற்றில் எட்டோ ஒன்பதோ சொந்தக் கூட்டணிக்குள்ளேயே நடப்பவை. கூட்டணிக்குள் நடக்கும் ஆட்டத்தில் ஒருவர் வென்றால் இன்னொருவர் தோற்றாக வேண்டும். ஆகவே அங்கே கூட்டணியின் மொத்தக் கணக்கு எப்போதும் பாதி வெற்றி, பாதி தோல்விதான், அது எஸ்இசி ஆனாலும் யாரும் கேள்விப்படாத கூட்டணி ஆனாலும். வெளியாருடன் ஆடும் மூன்று நான்கு ஆட்டங்கள் மட்டுமே சான்றாக மிஞ்சுகின்றன. அவற்றிலும் ஒன்றிரண்டு, பணம் கொடுத்து வரவழைக்கப்பட்ட சிறிய கல்லூரிகளுடன் நடப்பவை. இந்தக் கைப்பிடிச் சான்றை வைத்துக்கொண்டுதான் பருவம் முழுவதும் வாதம் நடக்கிறது. மீதி இடத்தைத் தரவரிசை நிரப்புகிறது: ஆகஸ்டிலேயே ஒரு கூட்டணியின் ஆறேழு அணிகளை முதல் 25 இடங்களுக்குள் வைத்துவிட்டால், பிறகு அவை ஒன்றோடொன்று மோதும்போது வென்றவருக்குத் 'தரவரிசை அணியை வென்றவர்' என்ற பெருமை, தோற்றவருக்குத் 'தரவரிசை அணியிடம்தானே தோற்றார்' என்ற சலுகை.

இதனால் எஸ்இசி-யின் வலிமை வெறும் பேச்சு என்று சொல்ல மாட்டேன். 2006 முதல் 2022 வரையிலான 17 பருவங்களில் 13 தேசியப் பட்டங்களை அந்தக் கூட்டணியின் அணிகளே வென்றன. இதை மறுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறார். ஆனால் அந்தப் 13-ஐப் பிரித்துப் பாருங்கள்: அலபாமா ஆறு, ஃபுளோரிடா, எல்எஸ்யு, ஜார்ஜியா தலா இரண்டு, ஆபர்ன் ஒன்று. ஐந்து கல்லூரிகள் சம்பாதித்ததை மொத்தக் குடும்பமும் பங்கு போட்டுக்கொள்கிறது. அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் அடிவாங்கிக்கொண்டிருந்த வாண்டர்பில்ட்டின் ரசிகரும் 'எஸ்-இ-சி' என்று எழுத்து எழுத்தாக முழங்கலாம். அதே வாண்டர்பில்ட் 2024 அக்டோபர் 5 அன்று அலபாமாவை 40-35 என்று வென்றது. 1984-க்குப் பிறகு அலபாமாவுக்கு எதிராக அவர்கள் பெற்ற முதல் வெற்றி அது. மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்துகொண்டு நாஷ்வில் தெருக்கள் வழியே நடந்துபோய்க் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். அன்றிரவு அவர்களில் ஒருவரும் கூட்டணியின் பெயரை முழங்கியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

உங்கள் மகனுடைய கல்லூரியே நல்ல எடுத்துக்காட்டு. 2023 செப்டம்பரில் டெக்சஸ், அலபாமாவை அவர்களுடைய ஊரிலேயே 34-24 என்று வென்றது. அப்போது டெக்சஸ் பிக் 12 கூட்டணியில் இருந்ததால் அந்த வெற்றி எஸ்இசி-க்கு எதிரான சான்று. அடுத்த ஆண்டு அதே டெக்சஸ் எஸ்இசி-க்குள் நுழைந்து, புகுந்த வீட்டில் முதல் பருவத்திலேயே கூட்டணியின் இறுதி ஆட்டம் வரை போனது. அதை எஸ்இசி-யின் பலத்துக்குச் சான்றாக எண்ணிக்கொண்டார்கள். பசிபிக் கரையிலிருந்து பிக் டென் கூட்டணிக்குப் போன ஆரெகன், அதே 2024-இல் அங்கே ஓர் ஆட்டமும் தோற்காமல் கூட்டணிப் பட்டத்தையே எடுத்துக்கொண்டது. வலிமை அணியோடு சேர்ந்து வீடு மாறுகிறது.

இந்த வலிமைப் பேச்சு காப்பிக்கடை அரட்டையாக இருக்கும் வரை யாருக்கும் நட்டமில்லை. தேசிய இறுதிப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் அளவுகோலாகும்போதுதான் வலிக்கிறது. 2023-இல் ஃபுளோரிடா ஸ்டேட் ஏசிசி கூட்டணியின் சாம்பியனாக 13-0 என்று பருவத்தை முடித்தது. நான்கு அணிகளுக்கான இறுதிப் போட்டியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு தோல்வியுடன் இருந்த அலபாமா உள்ளே போனது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டான் டிராவிஸ் காயமடைந்ததால் அணி பழைய அணியாக இல்லை என்பது தேர்வுக் குழுவின் விளக்கம். இதே காயமும் இதே 13-0-வும் ஓர் எஸ்இசி சாம்பியனுக்கு நேர்ந்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்களா என்று இன்றுவரை கேட்கிறார்கள். சாத்தியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டு முதல் போட்டி 12 அணிகளாக விரிந்தது; ஆனால் அந்த 2023 அணிக்கு அதனால் ஒன்றும் திரும்பி வரவில்லை.

இனி புல்மனுக்கு வருகிறேன். கூட்டணிகள் வலிமைக்காகத்தான் மாறுகின்றன என்ற நம்பிக்கையை எனக்கு உடைத்தது அந்த 2023-தான். பின்னாளில் பேக்-12 என்று பெயர் பெற்ற எங்கள் கூட்டணி 1915-இல் போர்ட்லண்டில் நான்கு கல்லூரிகளுடன் தொடங்கியது. அவற்றில் ஒன்று ஆரெகன் ஸ்டேட். நாங்கள் 1917-இல் சேர்ந்தோம். யுஎஸ்சி-யும் யுசிஎல்ஏ-வும் பிக் டென்னுக்குப் போவதாக 2022 ஜூன் 30 அன்று அறிவித்தன. அடுத்த ஜூலையில் கொலராடோ பிக் 12-க்குக் கிளம்பியது. 2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை காலையில், ஆப்பிள் நிறுவனத்தின் ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் மிஞ்சியவர்கள் கையெழுத்திடப் போகிறார்கள் என்று எதிர்பார்த்திருந்தோம். மாலைக்குள் ஆரெகனும், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகமும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கும் போய்விட்டன. செப்டம்பர் முதல் நாள் ஸ்டான்ஃபர்டும் கலிஃபோர்னியாவும் ஏசிசி-யில் இடம் பிடித்தன. அந்த முதல் 'ஏ' அட்லாண்டிக்கைக் குறிப்பது. பந்திக்குக் கூப்பிடப்படாமல் வாசலில் நின்றவர்கள் ஆரெகன் ஸ்டேட்டும் நாங்களும் மட்டுமே.

கூட்டணி சாகப் போவது எல்லோருக்கும் தெரிந்திருந்த அந்தப் பருவத்தில், ஆடுகளத்தில் அது பல ஆண்டுகளில் காணாத பலத்தோடு இருந்தது. செப்டம்பரில் பிக் டென்னின் விஸ்கான்சினை நாங்கள் புல்மனில் 31-22 என்று வென்றோம். அதே மாதம் ஆரெகன் ஸ்டேட் எங்கள் ஊருக்கு வந்தபோது இரு அணிகளுமே முதல் 25-க்குள் இருந்தன. நாங்கள் 38-35 என்று வென்றோம். யாரும் வேண்டாம் என்று சொன்ன இரண்டு கல்லூரிகள் அவை. வாஷிங்டன் ஒரு தோல்வியும் இல்லாமல் கூட்டணிப் பட்டத்தை வென்று, சுகர் பவுல் என்ற அரையிறுதியில் டெக்சஸை 37-31 என்று வீழ்த்தித் தேசிய இறுதி ஆட்டம் வரை சென்றது. (எங்கள் பகையாளியின் வெற்றி என்றாலும் உங்கள் மகனுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.) இத்தனை பலமும் கூட்டணியைக் காப்பாற்றவில்லை. மறுபக்கம் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2014-இல் பிக் டென் அதைச் சேர்த்துக்கொண்டபோது, அந்த அணி எவரையும் நடுங்கவைக்கும் அணி என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் அது நியூ யார்க் நகரத்தின் கேபிள் இணைப்புள்ள வீடுகளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒளிபரப்பு உரிமை, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ-வின் ஏகபோகம் அல்ல என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாளிலிருந்து, கூட்டணிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் தொலைக்காட்சிப் பணம்தான். கோதுமை வயல்களுக்கு நடுவே, சியாட்டிலிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரக் கார்ப்பயணத்தில் இருக்கும் ஒரு சிற்றூரில் எத்தனை தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்துவிடும்?

அந்த நவம்பரில் சியாட்டிலில் வாஷிங்டனுக்கும் எங்களுக்கும் நடந்த ஆப்பிள் கப் ஆட்டத்தை, எதிரணி மைதானத்தின் ஒரு மூலையில் எங்கள் நிறம் அணிந்தவர்களுடன் உட்கார்ந்து பார்த்தேன். வாஷிங்டன் அணியுடன் ஒரே கூட்டணியில் இருந்து ஆடும் கடைசி ஆட்டம். 21-21 என்று சமநிலை. ஏறத்தாழ ஒரு நிமிடம் மிச்சம். வாஷிங்டனுக்கு நான்காவது, கடைசி முயற்சி, தவறினால் பந்து எங்களுக்கு. ஒரு யார்டு தேவை, அதுவும் தங்கள் பக்கத்து மைதானத்திலேயே. பந்தை உதைத்துத் தூர அனுப்பிவிடுவதே வழக்கம். அவர்களோ ரோம் ஒடுன்ஸேயின் கையில் பந்தைச் சேர்த்து எதிர்த்திசையில் ஓடவிட்டார்கள். இருபது யார்டுக்கு மேல் போனார். கடிகாரம் தீரும்போது 42 யார்டிலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஃபீல்டு கோல், மூன்று புள்ளி, 24-21. என் பக்கத்தில் இருந்த முதியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கூட்டம் கலையும் வரை எழவில்லை. அவருடைய வருத்தம் தோல்விக்காக அல்ல. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அன்று அவருக்கு வாயில்லாமல் போயிருந்தது.

அந்த ஆட்டம் இப்போதும் நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2024-இலும் 2025-இலும் செப்டம்பர் வெயிலில் நடந்தது. 2024-இல் நாங்கள் 24-19 என்று வென்றோம், குதித்தோம். ஆனால் நவம்பர்க் குளிரில், பருவத்தின் முழுக் கணக்கும் ஒரே ஆட்டத்தில் தீர்க்கப்படும் சுவை அதில் இல்லை.

டெக்சஸ் - ஏ அண்ட் எம் பற்றி நீங்கள் சொல்வது சரி. 2024 நவம்பர் 30 அன்று டெக்சஸ் 17-7 என்று வென்ற அந்த ஆட்டத்தைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதை 2011-இல் நிறுத்தியதும் ஒரு கூட்டணி மாற்றம்தான். டெக்சஸுடன் ஓக்லஹோமாவும் எஸ்இசி-க்குப் போன அதே நகர்வு, ஓக்லஹோமா - ஓக்லஹோமா ஸ்டேட் மோதலை 2023-உடன் நிறுத்திவிட்டது. எடுத்த கையே கொடுக்கும்போது நன்றி சொல்வதில் தவறில்லை. ஒரு கண்ணை மட்டும் அந்தக் கையின் மேல் வைத்திருங்கள்.

எங்கள் நிலை என்ன என்றால், 2025-இல் எதிரணி கிடைக்காத நெருக்கடியில் நாங்களும் ஆரெகன் ஸ்டேட்டும் ஒரே பருவத்தில் இருமுறை ஆடினோம். 2026 முதல் பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் போன்ற கல்லூரிகளைச் சேர்த்துப் பழைய பெயரிலேயே கூட்டணி மறுபடி எழுகிறது. தரவரிசைக்காரர்கள் அதை எந்தத் தட்டில் வைப்பார்கள் என்று நண்பர்கள் கவலைப்படுகிறார்கள். எனக்கு அந்த அட்டவணையில் கார் ஓட்டிப் போய்ப் பார்க்கக்கூடிய ஊர்கள் எத்தனை என்பதுதான் முதல் கேள்வி.

கொடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது எங்களுடையது. 2003 அக்டோபரில் எங்கள் பழைய மாணவர் ஒருவர் அதை நியூ மெக்ஸிகோவிலிருந்து காரில் எடுத்துக்கொண்டு போய், உங்கள் மகன் படிக்கும் ஆஸ்டினில்தான் முதன்முதலாகக் கேமராவின் முன் அசைத்தார். அன்று முதல் நிகழ்ச்சி எந்த ஊருக்குப் போனாலும், ஆடுவது எந்த அணியானாலும், அந்த வட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஆள் யாராவது விடியும் முன்பே போய் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடுத்த முறை அது ஆஸ்டினுக்கு வரும்போது மகனைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட கம்பம், காற்றடித்தால் கை வலிக்கும். சற்று நேரம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்