வாட்டை மட்டும் பார்த்து ரிக் (வானொலி செட்) வாங்காதீர்கள்: ஹாம் வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, உரிமம் உள்ள ஹாம் (அமெச்சூர் வானொலிக்காரர்) நான். ஆன்லைனில் யூஎஸ்டிஎக்ஸ் என்ற சிறிய டிரான்சீவர் செட் ஒன்று வாங்கினேன். 5 வாட் சரியாக வருகிறது. ஆனால் 40 மீட்டர் பேண்டில் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் பேசினால் குரல் கரகரக்கிறது, பக்கத்து அலைவரிசைக்காரர்கள் கோபப்படுகிறார்கள். செட் பழுதா? (மதுரை)

பெரும்பாலும் பழுதாக இருக்காது, அமைப்புதான் சரியாக இருக்காது. போலார் எனப்படும் இந்த வகை செட் உங்கள் குரலை ஆம்ப்ளிட்யூட் (வீச்சு), ஃபேஸ் (அலையின் நிலை) என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஃபேஸை எஸ்ஐ5351 சிப் பார்த்துக்கொள்ளும். ஆம்ப்ளிட்யூட் பிஎஸ்170 டிரான்சிஸ்டர்களின் கேட் பயாஸ் வழியாகப் போகும். முதலில் மெனுவில் டிஎக்ஸ் டிரைவ் (ஒலிபரப்பு டிரைவ்) எவ்வளவு என்று பாருங்கள். 8 என்றால் ஆம்ப்ளிட்யூட் வழியே மூடியிருக்கிறது, எப்போதும் முழு பவர்தான். 4-க்கு இறக்குங்கள். பிறகு ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு மாட்டி, பயாஸ் மின் (மினிமம்) மதிப்பை பவர் எட்டிப்பார்க்கும் இடம் வரை ஏற்றி ஒரு படி இறக்குங்கள். பயாஸ் மேக்ஸை மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்து, பவர் குறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். மின் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் மெல்லிய ஒலிகள் வெட்டுப்படும். மேக்ஸ் அளவுக்கு மீறி ஏறினால் உச்சங்கள் தட்டையாகும். சப்ளை வோல்டேஜை மாற்றினால் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கேள்வி: 16 வோல்ட் கொடுத்தால் பவர் கூடுமாமே? (ஈரோடு)

கூடும், கொஞ்ச நேரத்துக்கு. கிளாஸ்-இ சுற்றில் டிரெயின் வோல்டேஜ் சப்ளையைப் போல் 3.56 மடங்கு எழும்பும். 16 வோல்ட்டுக்கு 57. பிஎஸ்170 தாங்குவது 60. ஆன்டெனா சற்றே பொருந்தாமல் போனாலும் டிரான்சிஸ்டர் போய்விடும். 12 வோல்ட்டில் நிறுத்துங்கள்.

கேள்வி: ஒரே விலையில் இரண்டு போலார் செட். ஒன்று 5 வாட், மற்றது 10 வாட். எதை வாங்கலாம்? (கோவை)

இரண்டு விற்பனையாளரிடமும் கேளுங்கள்: டூ-டோன் சோதனையில் மூன்றாம் வரிசை ஐஎம்டி (இரண்டு டோனும் கலந்து உண்டாகும் கழிவு சிக்னல்) எத்தனை டெசிபல் கீழே? பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். விளம்பரத்தில் வாட்டைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இந்த ஒரு எண்ணை மறைப்பது எனக்குப் பொறுக்கவே பொறுக்காத வழக்கம். எண் கொடுத்தாலும் எதோடு ஒப்பிட்டது என்று கேளுங்கள். ஒரு டோனோடு ஒப்பிட்டால் 30 டெசிபல் கீழே இருப்பது, உச்ச பவரோடு ஒப்பிட்டால் 36 ஆகிவிடும். செட் அதேதான்.

போலார் செட்டில் ஐஎம்டியைப் பெரிதும் முடிவுசெய்வது நேரம். ஆம்ப்ளிட்யூடும் ஃபேஸும் ஒரே கணத்தில் பிஏவுக்கு (பவர் ஆம்ப்ளிஃபையர்) வந்து சேர வேண்டும். 700, 1900 ஹெர்ட்ஸ் டோன்களை வைத்துக் கணக்குப் போட்டால், இடைவெளி 100 மைக்ரோ செகண்டாக இருந்தால் கழிவு சிக்னல் வெறும் 21 டெசிபல்தான் கீழே நிற்கும். 66-க்கு 28. 33-க்கு 40. தாமதம் பாதியானால் 12 டெசிபல் லாபம். 10 கிலோஓமும் 10 நானோஃபாரடும் சேர்ந்த ஒரு சாதாரண ஆர்சி ஃபில்டரே 100 மைக்ரோ செகண்ட் தாமதம் தரும். அதைக் கழற்றி எறிந்தால் ஆம்ப்ளிட்யூடைத் தரும் பிடபிள்யூஎம் துடிப்புகளின் இரைச்சல் காற்றில் போகும். ஆகவே ஃபேஸைத்தான் தாமதப்படுத்த வேண்டும். மென்பொருளில் ஒரு சாம்பிள் தள்ளுவது மட்டும் போதாது. நொடிக்கு 4800 சாம்பிள் என்றால் ஒரு படியே 208 மைக்ரோ செகண்ட். மிச்சத்தை அந்த ஃபில்டரின் ரெசிஸ்டர் மதிப்பைப் பத்து சதவீதப் படிகளில் மாற்றிச் சரிக்கட்டுங்கள். ஸ்பெக்ட்ரத்தில் கழிவு மிகத் தாழும் இடமே சரியான இடம். அப்படியும் தாழாமல் நின்றால், ஆம்ப்ளிட்யூட் சுழிக்கு வரும்போது டிரைவ் சிக்னல் கேட்-டிரெயின் கெபாசிட்டன்ஸ் வழியாகக் கசிகிறதா என்று பாருங்கள். அந்தக் கட்டத்தில் டிரைவையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

கேள்வி: என்பிஓ கெபாசிட்டர் கேட்டேன், எக்ஸ்7ஆர் அனுப்பிவிட்டார்கள் என்று சந்தேகம். பணம் தர மறுக்கிறார்கள். (திருச்சி)

உங்கள் கோபம் முழுக்க நியாயம். எக்ஸ்7ஆர் வோல்டேஜ் ஏறினால் மதிப்பு குறையும் பொருள். பிஏவில் போட்டால் குரலின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ட்யூனிங்கும் ஆடும், சிக்னல் கெடும். கெபாசிட்டன்ஸ் மீட்டரில் மாட்டி, பக்கத்தில் சூடான சால்டரிங் அயர்னைக் காட்டி வீடியோ எடுங்கள். என்பிஓ அசையாது. எக்ஸ்7ஆர் சூட்டுக்குத் தக்கபடி கண்ணெதிரே நகரும். எனக்கு வந்த ஒரு போலிப் பொட்டலத்துக்குப் பணம் திரும்பியதே இப்படி எடுத்த வீடியோவால்தான். இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அவர்கள் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, அவகாசம் 2 ஆண்டு.

கேள்வி: பிஎஸ்170-க்குப் பதில் 2என்7000 போடலாமா? (சேலம்)

வேண்டாம். கால்கள் தலைகீழ், கரண்டும் பாதிக்குக் கீழ்.

கேள்வி: ஆன்டெனா மாட்டாமல் பேசிப் பார்த்தேன், பிஏ போய்விட்டது. வாரண்டி உண்டா? (நெல்லை)

பெரும்பாலும் கிடையாது. ரிக்கோடு வரும் கையேட்டில் சொல்லியிருப்பார்கள். படித்துவிட்டு ஸ்விட்சைத் தொடுங்கள்.

கேள்வி: மூன்று பிஎஸ்170 மாற்றினேன், ஒன்று மட்டும் கொதிக்கிறது. (தஞ்சை)

மூன்று மட்டும் வாங்கினால் அப்படித்தான். ஒரே பேட்சில் பத்து வாங்குங்கள். கேட்டையும் டிரெயினையும் சேர்த்து, 12 வோல்ட்டை 10 கிலோஓம் வழியாகக் கொடுத்து, சோர்ஸுக்கும் அந்தச் சேர்ந்த முனைக்கும் இடையில் வோல்டேஜ் அளந்து பாருங்கள். டேட்டாஷீட் 0.8 முதல் 3 வரை அனுமதிக்கிறது. 0.05 வோல்ட்டுக்குள் ஒத்துப்போகும் மூன்றைப் போடுங்கள், பிறகு பயாஸ் மின், மேக்ஸ் இரண்டையும் மறுபடி அமையுங்கள்.