டைனமோவைத் திருத்துவதா, மாற்றுவதா? பழைய கார் வயறிங் கேள்வி-பதில்

அப்பாவின் மொறிஸ் மைனர் பல வருடம் கொட்டிலில் நின்றது. இப்போது வயறிங் முழுவதையும் மாற்றப் போகிறோம். சார்ஜ் ஏறுவதில்லை. டைனமோ (எஞ்சின் ஓடும்போது மின் தந்து பற்றரியைச் சார்ஜ் பண்ணுவது), கட்டவுட் (அந்தச் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இரண்டையும் எறிந்துவிட்டு, டைனமோவின் வேலையையே செய்யும் பிற்கால ஓல்டர்னேற்றர் போடச் சொல்கிறார் வேலை செய்பவர். அந்தச் செலவு தேவையா? (கிளிநொச்சி)

வயர் வாங்குவதற்கு முன்னரே இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லது. டைனமோவுக்கும் ஓல்டர்னேற்றருக்கும் வயரின் தடிப்பும் வேறு, போகும் இடமும் வேறு. வயறிங் முடிந்தபிறகு மனம் மாறினால் பிரதான வயர்களுக்கு இரண்டாம் தடவை காசு கொடுக்க வேண்டிவரும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் காரில் லூகாஸ் கொம்பனியின் சீ40 டைனமோ இருந்தால் அது 22 அம்பியர் தரும், அதற்கு முந்திய சீ39 என்றால் 19. ஹெட் லைட் இரண்டும் 90 வாட், சிறிய லைட்டுகள் 25 வாட், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 9 அம்பியர். இக்னிஷன் கொயிலுக்கு 4, வைப்பருக்கு 3 வைத்தாலும் 16ஐத் தாண்டாது. பகலில் டவுனுக்கும் கோயிலுக்கும் போய்வரும் காருக்கு டைனமோவே போதும். ஆனால் ஐட்லிங்கில் (அக்சிலரேற்றரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) டைனமோ சார்ஜ் தராது. கல்யாண ஊர்வலத்தில் லைட்டும் பாட்டும் போட்டு ஊர்ந்து போகிற கார், ஹலோஜன் பல்ப்பும் மின்விசிறியும் பூட்டிய கார் என்றால் ஓல்டர்னேற்றர் பக்கம் போவதுதான் சரி.

டைனமோ பழுது என்று யார் சொன்னாலும், சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். பெல்ட்டின் நீண்ட பக்கத்தை விரலால் அமர்த்தினால் அரை அங்குலம் இறங்கவேண்டும். டைனமோவின் பின்பக்கத்தில் பெரிய முனை டி, சிறிய முனை எஃப். இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். மல்ரிமீற்றரை டிசி 200 வோல்ற்றில் வைத்து ஒரு முனையை அந்த இணைப்பிலும் மற்றதை டைனமோவின் உடம்பிலும் பிடியுங்கள். பொசிற்றிவ் ஏர்த் காரில் (பற்றரியின் பொசிற்றிவ் முனை காரின் உடம்போடு இணைந்தது) மீற்றரின் சிவப்பு முனைதான் டைனமோவின் உடம்புக்கு. அக்சிலரேற்றரை மெதுவாகக் கூட்ட, நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குள் அளவு சீராக 20 வோல்ற்றுக்கு ஏறினால் டைனமோ நல்லது. அதற்குமேல் ரேஸ் பண்ணவேண்டாம்.

அளவே காட்டவில்லையா? நின்ற காரில் பெரும்பாலும் கரி பிறஷ் கூட்டுக்குள் இறுகியிருக்கும். கழற்றித் துடைத்தால் தீரும். அரை முதல் 1 வோல்ற்றோடு நின்றால் ஃபீல்ட் கொயிலை (காந்தப்புலம் உண்டாக்கும் கம்பிச்சுற்று) சந்தேகிக்கலாம், ஆனால் டைனமோவுக்குள் எஞ்சியிருக்கும் காந்தம் போயிருந்தாலும் அளவு இப்படித்தான் குறையும். ஆகவே முதலில் பற்றரியின் ஏர்த் இல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து, வயர்கள் கழற்றிய நிலையில், எஃப் முனையில் மட்டும் இரண்டு மூன்று தரம் தொட்டெடுத்து மீண்டும் அளந்து பாருங்கள். 4, 5 வோல்ற்றில் நின்றால் ஆமேச்சர் (உள்ளே சுழலும் பகுதி) பழுது. அப்போதுதான் வேறு டைனமோ தேட நியாயம் இருக்கிறது.

டைனமோவின் பின்பக்கத்தின் நடுவில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் எஸ்ஏஈ 30 எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். கிறவல் றோட்டுத் தூசி அடைத்து அந்தத் துளையே தெரியாமல் போன டைனமோக்கள் ஏராளம். உள்ளே தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ் தேய்ந்தால் ஆமேச்சர் ஆடி உரசும். புதுப் புஷ் போடுவதென்றால் அதே எண்ணெயில் 24 மணித்தியாலம் ஊறவிட்டுப் போடவேண்டும்.

கட்டவுட் பெட்டியில் ஐந்து முனைகள்: ஏ, ஏ1, எஃப், டி, ஈ. அதிகம் கைவிடப்படுவது ஈ, அதாவது ஏர்த். பெயின்ற் அடித்த தகட்டில் அதன் ஏர்த் பிடிக்காவிட்டால் உள்ளே இரண்டு கொயிலும் வேலை செய்யாது. பற்றரிக்குச் சார்ஜ் போகாது, எஞ்சின் வேகம் கூடக்கூட டாஷ்போட்டின் சிவப்புச் சார்ஜ் லைட் இன்னும் பிரகாசமாக எரியும். பெயின்றைச் சுரண்டி, ஈயிலிருந்து தனிக் கறுப்பு வயர் போட்டு இறுக்குங்கள். கட்டவுட் பொயின்ற் (தொட்டு விலகும் இணைப்பு) வெள்ளியாலானது, மென்மையானது. நைசான கண்ணாடித் தாளால்தான் துடைக்கவேண்டும், எமறி வேண்டாம். புதுப் பெட்டி வாங்கினால், பழைய மூடிக்குள் எலெக்ட்ரோனிக் சேர்க்கிற் உள்ளதா என்று கேளுங்கள். அப்படியானதற்குப் பொசிற்றிவ் ஏர்த்தா நெகற்றிவ் ஏர்த்தா என்பது பொருந்தாவிட்டால் முதல் நிமிடமே எரிந்துவிடும்.

டி வயருக்கு 44 இழை (3 சதுர மில்லிமீற்றர்), எஃப் வயருக்கு 14 இழை (1 சதுர மில்லிமீற்றர்). நிறம் டிக்கு மஞ்சள், எஃப்புக்கு மஞ்சளில் பச்சைக் கோடு. அதையே பின்பற்றினால் பின்னர் கைவைப்பவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

ஜப்பான் காரின் பாவித்த ஓல்டர்னேற்றர் போடப்போகிறேன். எதைக் கவனிக்கவேண்டும்? (முல்லைத்தீவு)

பழைய கார் பொசிற்றிவ் ஏர்த் என்றால், ஏர்த்தை நெகற்றிவ்வுக்கு மாற்றாமல் பூட்டவே கூடாது. மாற்றும்போது பற்றரி முனையோடு இக்னிஷன் கொயிலின் இரண்டு வயர்களும், அம்மீற்றர் இருந்தால் அதன் வயர்களும் இடம் மாறவேண்டும். பற்றரியின் பொசிற்றிவ் தூண் நெகற்றிவ்வை விடப் பருத்தது. பழைய கிளாம்ப் பொருந்தவில்லை என்று அடித்து ஏற்றாமல் புதிது வாங்குங்கள்.

கடையில் கையால் சுற்றிப் பார்த்து வாங்காதீர்கள். மோட்டரில் பூட்டி ஓட்டி அளந்து தரச் சொல்லுங்கள். காரில் ஏற்றியதும் பற்றரியில் 13.8 முதல் 14.4 வோல்ற் இருக்கவேண்டும். மீற்றரை ஏசிக்கு மாற்றினால் அரை வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது, காட்டினால் டையோட் (ஏசியை டிசியாக்கும் பாகம்) ஒன்று போயிருக்கிறது. 45 அம்பியர் யூனிற்றுக்குப் பிரதான வயர் 8.5 சதுர மில்லிமீற்றர் (120 இழை) போடுங்கள். 6 சதுர மில்லிமீற்றர் வயர் 42 அம்பியரோடு முடிகிறது, நம் வெயிலில் பொனற்றுக்குள் அதுவும் தாங்காது. சிவப்பு லைட்டின் 2.2 வாட் பல்ப்பைக் கழற்றி வைக்கவேண்டாம். ஓல்டர்னேற்றரைத் தூண்டி எழுப்பும் மின்னோட்டம் அதன் வழியாகத்தான் போகிறது.

எஞ்சின் ஓட ஓடப் பற்றரி வயரைக் கழற்றிச் சார்ஜ் பார்க்கும் பழக்கம் இன்னும் கராஜ்களில் இருக்கிறது. தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அந்த ஒரு கணத்தில் வோல்ற் எகிறி டையோட்டும் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றரும் போய்விடும்.

வீட்டு வயறிங் வயர் கைவசம் இருக்கிறது. காருக்குப் போடலாமா? (நெடுங்கேணி)

வேண்டாம். 1/1.13 என்பது ஒற்றைக் கம்பி, 7/0.67 ஏழே கம்பி. அதிர்வில் முனையருகே முறிந்துவிடும், முறிவும் வெளியே தெரியாது. ஓட்டோ வயர்தான் வாங்கவேண்டும். பற்றுச்சீட்டில் தடிப்பையும் மீற்றர் அளவையும், பாவித்த பாகமென்றால் எத்தனை நாள் உத்தரவாதம் என்பதையும் எழுதி வாங்குங்கள். கேட்டால் சீட்டுத் தர வியாபாரி கடமைப்பட்டவர். பிரச்சினை வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லலாம். எழுத்துமூல முறைப்பாடு என்றால், பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும்.