ஊலாங் தேநீரின் மெல்லிய மணம்: வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சத்துவாச்சாரி வாசகி: அக்கா, விலை கொடுத்து ஊலாங் வாங்கினேன். வெந்நீர் குடிப்பதுபோலவே இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இலையைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அது கால்சியம், மக்னீசியம் உப்பு. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் இது அதிகம். ஊலாங்கின் பூமணத்தை அமுக்கி, தேநீரின் மேல் ஏடுபோல ஒரு படலத்தையும் கட்டிவிடும். கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உப்பு அறவே நீக்கிய தண்ணீரிலும் சுவை தட்டையாகிவிடும். அப்போது குழாய் நீரைச் சிறிது கலக்கலாம். 200 மில்லிக்கு 3 கிராம் இலை, 90 டிகிரி சூடு, 3 நிமிடம் போதும்.

காட்பாடி வாசகர்: பால் சேர்க்கலாமா?

வேண்டாம். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். இந்த மென்மையான மணமும் பாலில் அடங்கிவிடும்.

ஆம்பூர் வாசகர்: எல்லாரும் சொல்லும் அந்தப் பூமணம் எனக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

நாக்கில் தேடுவதால்தான். நாக்குக்கு இனிப்பு, கசப்பு போன்ற சில சுவைகள்தான் தெரியும். மணம் முழுவதும் மூக்கின் வேலை. முதலில் நனைந்த இலையை முகர்ந்து பாருங்கள். தேநீர் சற்று ஆறியதும் ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுவதும் பரவவிட்டு விழுங்குங்கள். பிறகு வாயைத் திறக்காமல் மூக்கு வழியாக மெல்ல மூச்சை விடுங்கள். மணம் அப்போதுதான் வரும். தொண்டையில் ஓர் இனிப்பும் பின்னால் வரலாம். அவசரப்பட்டு அடுத்த வாய் குடித்தால் அதைத் தவறவிடுவீர்கள். இலையைக் கொட்டிவிடாதீர்கள். உருட்டிய இலை, மறுபடி வெந்நீர் ஊற்றும் இரண்டாவது ஊற்றலில்தான் முழுதாக விரியும். எனக்குப் பிடித்ததும் அதுதான். பிரியாணி சாப்பிட்ட கையோடு குடிக்காதீர்கள். பட்டையும் கிராம்பும் வாயை விட்டுப் போக நேரமாகும். காலை வேளைதான் நல்லது.

குடியாத்தம் வாசகர்: இது பச்சைத் தேயிலையா, கறுப்புத் தேயிலையா?

இரண்டுக்கும் நடுவில். செடி ஒன்றுதான். பறித்த இலையை வாடவிட்டு, குலுக்கி, ஓரங்களைக் கசங்கவைப்பார்கள். காற்றுப் பட்டு இலை மாறத் தொடங்கும். பாதியில் சூடுகாட்டி அதை நிறுத்திவிடுவார்கள். தைவானின் பாவ்ஜோங் மிகக் குறைவாக மாறியது, பூமணம் கொண்டது. சீனத்து ஊயி மலைத் தேயிலை நெருப்பில் வாட்டியது, அழுத்தமானது.

வாணியம்பாடி வாசகி: ‘மில்க் ஊலாங்’ வாசனை சேர்த்ததா?

இரண்டு விதமும் விற்கிறார்கள். தைவானில் உருவாக்கிய ஜின் ஷுவான் ரகத்துக்கு இயல்பாகவே லேசான பால் மணம் உண்டு. பொட்டலத்தைப் பிரித்ததும் பால்கோவா போலக் குப்பென்று அடித்தால் சந்தேகப்படுங்கள். மூன்றாம் ஊற்றலில் மணம் சுத்தமாகக் காணாமல் போனாலும் அப்படியே.

ஆற்காடு வாசகர்: மக்கன் பேடாவோடு குடிக்கலாமா?

பாவ்ஜோங் வேண்டாம், அந்தப் பாகின் இனிப்புக்கு முன்னால் அது நிற்காது. ஊயி ஊலாங் தாங்கும். பேடாவைச் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை சேர்க்காமல் குடியுங்கள்.