இயற்கையோடு நேரம் செலவிட்டால் நம் உடம்பு நமக்குப் பிடித்துப்போகுமா?

ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு, அங்கே சுவர் முழுக்க இருக்கும் கண்ணாடிக்குப் பயந்து போகாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். பிடித்துப்போகும் என்பதுதான் என் பதில். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

"ஆதாரம் எங்கே?" என்று யாராவது வருவதற்குள் ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் விரேன் சுவாமி என்ற உளவியல் பேராசிரியர் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார். இயற்கைக் காட்சிப் படங்களைப் பார்த்தவர்களுக்கே தங்கள் உடம்பின் மீது மதிப்பு கொஞ்சம் கூடியது. கட்டடப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. பச்சையான இடத்தில் நடக்க வைத்தும் பார்த்தார்கள், அங்கேயும் அதே கதைதான்.

சரி. ஆனால் பச்சை மட்டும் போதும் என்றால் எனக்குப் பத்து வயதிலேயே பலித்திருக்க வேண்டும். 1992 முதல் 2007 வரை சிங்கப்பூர்ப் பள்ளிகளில், எடை கூடின பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து உடற்பயிற்சி செய்ய வைக்கும் திட்டம் இருந்தது. அந்த வரிசையில் நின்றவள் நான். ஓய்வு நேரத்தில் தோழிகள் கேண்டீனில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிடுவார்கள். நாங்கள் திடலைச் சுற்றி ஓடுவோம். நல்ல புல், ஓரமெல்லாம் பெரிய மரங்கள். வேலியோரம் நின்று பையன்கள் சுற்றுகளை எண்ணிச் சிரிப்பார்கள். எடை பார்க்கும் நாளில் ஆசிரியர் எண்ணை எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பார். அந்தத் திட்டத்தால் உடம்பு தேறியவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நான் என் கதையைச் சொல்கிறேன்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, அலுவலகத் தோழி ஒருத்தி விடாப்பிடியாக இங்குள்ள மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுக்கு இழுத்துப்போனாள். அங்கே மரங்களின் உச்சிக்கு மேலே 250 மீட்டர் நீளத் தொங்குபாலம் இருக்கிறது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், ஒருவழிப் பாதை. நான் கால் வைத்ததும் ஆடப்போகிறது, முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று வயிற்றைக் கலக்கியது. ஆடத்தான் செய்தது. எல்லாருக்கும்தான் ஆடியது. எனக்கு முன்னால் ஓட்டக்காரன் மாதிரி இருந்த ஒல்லிப் பையன் இரண்டு பக்கமும் கம்பியை இறுகப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவரவர் பயம் அவரவருக்கு. பாலம் முடிந்ததும் படிகள், வேர் புடைத்த மண்பாதை. ஒன்றோடொன்று உரசுகிறதே என்று வெறுத்த அதே தொடைகள்தான் வழுக்கும் இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தின. அதைக் கவனித்ததே வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான்.

நிபந்தனை என்றேனே, இதுதான்: யாரும் எண்ணக்கூடாது. கைக்கடிகாரத்தில் காலடி எண்ணிக்கையும் கலோரியும் பார்த்துக்கொண்டே நடந்தால் காடும் இன்னொரு ஜிம்தான்.

எடை குறைந்ததா என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. சர்க்கரை எங்கள் குடும்பச் சொத்து, டாக்டர் சொல்வதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அதனால் பாடம் எடுக்க வராதீர்கள். ஆனால் சாப்பாட்டையே வெறுக்கும் அளவுக்குப் போயிருந்தால் நடை போதாது; மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. மெக்ரிட்சிக்குப் போனால் தயவுசெய்து குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் போடலாம். அப்படியும் காரை நிறுத்தி ரொட்டி நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பழக்கிவிட்ட குரங்கு ஒன்று என் பிளாஸ்டிக் பையைப் பறித்து, எலுமிச்சைச் சாதத்தை என் கண் முன்னாலேயே தின்று தீர்த்தது. பையை முதுகுப்பைக்குள் வைத்துக்கொண்டு போங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், பொது விடுமுறையாக இருந்தாலொழிய பாலம் மூடியிருக்கும்.