பாஸ்டனின் இத்தாலியப் பகுதியான நார்த் எண்டில் வழிகாட்டியோடு போகும் இத்தாலிய உணவு நடைக்குப் பணம் கொடுக்கலாமா, நாமே சுற்றிப் பார்த்தால் போதாதா?

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் எந்த நடை என்று பார்த்துக் கொடுங்கள்.

பாஸ்டனுக்குப் பக்கத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நார்த் எண்டுக்கு முதல் ஐந்தாறு தடவை நானேதான் போனேன். ஹனோவர் தெருவில் கனோலி (இனிப்புப் பாலாடை நிரப்பிய மொறுமொறு குழல்) வாங்க முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்பேன், கூட்டம் அதிகம் இருக்கிற ஏதாவது ஓர் உணவகத்தில் குழைந்துபோன பாஸ்தாவைச் சாப்பிடுவேன், பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுவேன். போன வருடம் ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்தபோது மனைவி ஒரு நடைக்கு முன்பதிவு செய்தார். அந்த இடம் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

கூட்டிக்கொண்டு போனவர் எழுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. அங்கேயே பிறந்து வளர்ந்தவர். மூன்று மணி நேரத்தில் ஓர் உணவகத்துக்குள்கூட அழைத்துப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இங்கே இத்தனை உணவகங்கள் கிடையாது. நாங்கள் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். கடைக்குத்தான் போவோம், அதனால் உங்களையும் கடைக்கே கூட்டிப் போகிறேன்" என்றார். நல்ல நடைக்கு நான் சொல்லும் அடையாளமும் இதுதான். மளிகைக் கடை, ரொட்டிக் கடை, பாலாடைக்கட்டிக் கடை என்று போகிற நடையைத் தேர்ந்தெடுங்கள். உணவகம் உணவகமாக ஏறி இறங்கி ஒரு வாய் ருசி காட்டுகிற நடைக்கு வழிகாட்டியே தேவையில்லை.

சேலம் தெரு என்ற பலகையைப் பார்த்ததும் ஆத்தூரில் பிறந்த என் மாமியாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்தத் தெருமுனையில்தான் போல்காரிஸ் காபி இருக்கிறது. 1932-இல் தொடங்கிய சின்னக் கடை. உள்ளே கால் வைத்ததும் காபிக்கொட்டை வாசம், கூடவே மிளகும் சோம்பும். எல்லாம் திறந்த டப்பாக்களில் இருந்தது. கடைக்காரர் சின்ன அள்ளியால் அள்ளித் தராசில் போட்டு, காகிதப் பையில் கட்டிக் கொடுத்தார். மாமியார் சோம்பை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். வழிகாட்டி அதைப் பார்த்துக்கொண்டே, தெற்கு இத்தாலியில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சிக்கு இந்தச் சோம்பைத்தான் சேர்ப்பார்கள் என்றார். சிசிலிக்காரர்கள் கடலை மாவைக் கிளறி, ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரிப்பார்கள், அதற்குப் பானெல்லே என்று பெயர் என்றும் சொன்னார். அதுவரை ஒதுங்கி நடந்துவந்த மாமியார் அப்புறம் வழிகாட்டியின் பக்கத்திலேயே நடந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. மொழிபெயர்த்தே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அந்தப் பகுதி எப்போதும் இத்தாலியர்களுடையதாக இருக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் ஐரிஷ்காரர்களும் யூதர்களும் இருந்தார்கள். அமெரிக்க அதிபர் கென்னடியின் தாய், ஐரிஷ் வம்சத்து ரோஸ் பிறந்தது இங்கேதான், 1890-இல். இத்தாலியர்களில் முதலில் வந்தவர்கள் ஜெனோவாக்காரர்கள். லூயிஜி பாஸ்தேனே 1848-இல் தள்ளுவண்டியில் காய்கறி, பழம் விற்கத் தொடங்கினார். பாஸ்தேனே பெயர் போட்ட தக்காளி டின்களை இன்றும் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் வாங்கலாம். சிசிலி மீனவர்கள் துறைமுகத்தை ஒட்டிய நார்த் தெருப் பக்கம் குடியேறினார்கள். அவெல்லீனோ, நேப்பிள்ஸ், அப்ருத்ஸோ ஆட்களுக்குத் தனித்தனித் தெருக்கள். ஓர் ஊர்க்காரர் ஒரு தெருவில் கூடினால் அந்த ஊர் ரொட்டியும் அந்த ஊர்ச் சாமியும் கூடவே வந்துவிடும். ஷாக்கா என்ற சிசிலி ஊரின் மீனவர்கள் 1910-இல் தொடங்கிய திருவிழா இன்றும் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது.

பிரின்ஸ் என்ற பாஸ்தா பிராண்டை அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். 1912-இல் மூன்று சிசிலிக்காரர்கள் பிரின்ஸ் தெருவில் தொடங்கியதால் அந்தப் பெயர். அப்புறம் தொழிற்சாலை லோவெல் நகருக்குப் போய்விட்டது. பிரின்ஸ் தெருவில் சேலம் தெரு வந்து சேரும் முனையில் இருக்கும் போவா ரொட்டிக் கடை இரவு பகலாகத் திறந்திருப்பதற்குப் பேர்போனது.

என்னை உலுக்கியது கமர்ஷியல் தெருவில் கேட்ட கதை. 1919 ஜனவரி 15 நண்பகலில், ஐம்பதடி உயரத் தொட்டி ஒன்று உடைந்து 23 லட்சம் கேலன் கரும்புச்சாற்றுப் பாகு தெருவில் பாய்ந்தது. 21 பேர் இறந்தார்கள், நூற்றைம்பது பேருக்குக் காயம். அந்தப் பாகு சாப்பிடுவதற்காக வந்ததல்ல, தொழிற்சாலைச் சாராயம் காய்ச்சுவதற்காக வந்தது. கட்டிய நாளிலிருந்தே தொட்டி கசிந்துகொண்டிருந்தது. கம்பெனி அதைச் சரிசெய்யாமல், கசிவு கண்ணில் படாதபடி தொட்டிக்குப் பழுப்பு வர்ணம் அடித்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சின்ன வாளியோடு வந்து ஒழுகும் பாகைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இதைச் சொல்லும்போது வழிகாட்டி தன் கையை வாளி பிடிப்பதுபோல் தாழ்த்திக் காட்டினார். பெரும்பாலும் குடியுரிமையும் ஓட்டும் இல்லாத மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தின் நடுவில் அப்படி ஒரு தொட்டியை வைக்க எதிர்ப்பே எழவில்லை. பல தடவை அந்த வழியாகக் காரில் போயிருக்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரியாது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் அவர் விளக்கினார். 1950களில் ஒரு உயர்மட்ட நெடுஞ்சாலையைக் கட்டி நார்த் எண்டை நகரத்திலிருந்து துண்டித்துவிட்டார்கள். ஒரு சுவர்போல அது நின்றதால்தான் பழைய கடைகள் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தன என்று அங்கே பலரும் சொல்கிறார்கள். 2000களின் தொடக்கத்தில் சாலை சுரங்கத்துக்குள் போனது, மேலே பூங்கா வந்தது, வாடகையும் ஏறியது. இத்தாலியக் குடும்பங்கள் பல வெளியேறிவிட்டன. ஆகவே அங்கே வளர்ந்தவர் வாயால் கேட்க ஆசை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை: அசல் பார்மிஜானோ ரெஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டுதான் உறைய வைப்பார்கள். கனோலி ஓட்டு மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம், கடையில் கேட்டுவிடுங்கள். வெறும் தக்காளி சாஸ் என்று நம்பிச் சாப்பிடும் சிலவற்றில் நெத்திலி இருக்கும். முன்பதிவின்போதே எழுதிச் சொன்னால் மாற்று ஏற்பாடு செய்கிறார்கள். எங்களுக்கும் செய்தார்கள். கனோலியை நீங்கள் கேட்ட பிறகு நிரப்பித் தரும் கடையில் வாங்குங்கள், முன்பே நிரப்பி வைத்தால் ஓடு நமுத்துவிடும்.

வார நாள் காலையில் போங்கள், சனிக்கிழமை மாலை கடைக்காரரோடு பேசவே முடியாது. காரை எடுக்காமல் ரயிலில் ஹேமார்க்கெட் நிலையத்தில் இறங்கி நடங்கள். வயதானவர்கள் வந்தால் செருப்பு நன்றாக இருக்கட்டும், செங்கல் பாவிய நடைபாதை மேடும் பள்ளமுமாக இருக்கும். நடை முடிந்ததும் அப்படியே தண்ணீர்ப் பக்கம் இறங்கி லாங்கோன் பூங்காவுக்குப் போனால் பெரியவர்கள் பாச்சே என்ற இத்தாலிய விளையாட்டில் பந்து உருட்டுவதைப் பார்க்கலாம். தொட்டி நின்ற இடம் அதுதான், பக்கத்தில் ஒரு சின்னப் பலகை இருக்கிறது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.