சட்டுனு கண்ணு கலங்குற பொண்ணுக்கு யூஎக்ஸ் ரிசர்ச் சரிப்படுமா?

அக்கா, நேத்து போன்ல நீங்க கேட்டதுக்கு அவசரத்துல சரியா பதில் சொல்லல, அதான் டைப் பண்றேன். "யார் அழுதாலும் கூடச் சேர்ந்து அழுவா, இவளுக்கு கம்ப்யூட்டர் கம்பெனில என்ன வேலை"ன்னீங்க. சைக்காலஜி முடிச்சிட்டு உங்க பொண்ணு யூஎக்ஸ் ரிசர்ச், அதாவது ஒரு ஆப்பையோ மிஷினையோ பயன்படுத்தறவங்களோட அனுபவத்த ஆராயற வேலைக்குப் போறது நல்ல யோசனைதான், ஆனா அழுகை வருதுங்கறதுக்காக மட்டும் இல்ல.

கோத்தகிரி பக்கம் ஒரு ரேஷன் கடைல பாத்தேன், கொழுந்து பறிச்சுப் பறிச்சு விரல் தேஞ்ச ஒரு அம்மாவுக்கு கைரேகையே விழல, முந்தானைல துடைச்சு துடைச்சு 4 தடவை வெச்சாங்க, அப்புறம் பின்னாடி க்யூல நின்னவங்களப் பாத்து "என் கை சரியில்ல சாமி"ன்னாங்க. மிஷின் கணக்குல அது வெறும் 4 ஃபெயில். தப்பு தன் கையிலதான்னு அவங்க கூசிப் போனது பக்கத்துல நின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும். அதப் பாத்து, கேட்டு, டிசைன் பண்றவங்களுக்குப் புரிய வைக்கறதுதான்க்கா யூஎக்ஸ் ரிசர்ச்.

ஜிஇ கம்பெனிக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் மிஷின் டிசைன் பண்ண டக் டீட்ஸ்னு ஒருத்தர், தன் மிஷின ஆஸ்பத்திரில பெருமையா பாக்கப் போனப்ப ஒரு சின்னப் பொண்ணு பயந்து அழறதப் பாத்து ஆடிப்போயிட்டார். ஆனா அதோட நிக்கல, குழந்தைங்க விளையாடற இடத்துக்குப் போய் கவனிச்சார், அவங்களப் பாத்துக்கறவங்ககிட்ட பேசினார், கடைசில ரூமையும் மிஷினோட வெளித்தோற்றத்தையும் கடற்கொள்ளையர் கப்பல் மாதிரி மாத்தினாங்க, மயக்க மருந்து குடுக்க வேண்டியதே குறைஞ்சுது.

உங்க பொண்ணு விஷயத்துல எனக்கு ஒரே பயம், எதிர்ல இருக்கறவங்க வாயத் திறக்கறதுக்குள்ள "ஐயோ பாவம்"னு இவளே முடிவு பண்ணிடுவா. அது பரிதாபம், அதுல அவங்க மனசு தெரியாது, இவ மனசுதான் தெரியும். இத பழகித்தான் சரி பண்ணணும். இந்த லீவுல பக்கத்துல 5 பேர்கிட்ட போன்ல பணம் அனுப்பறதப் பத்தி பேசச் சொல்லுங்க, முதல்ல சம்மதம் கேக்கணும், "ஆப் நல்லாருக்கா"ன்னு கேக்காம "கடைசியா எப்ப அனுப்புனீங்க, அப்ப என்ன ஆச்சு"ன்னு கேக்கணும், அவங்க தடுமாறினா உடனே போன வாங்கி சரி பண்ணித் தரக் கூடாது (அவளுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமா இருக்கும்). நோட்டுல இடது பக்கம் அவங்க சொன்னது, வலது பக்கம் இவளுக்குத் தோணினது.

படிப்புக்கு எம்.டெஸ்னு டிசைன்ல மாஸ்டர்ஸ் டிகிரி இருக்கு, ஐஐடி பாம்பே நடத்துற சீட் (CEED)ங்கற என்ட்ரன்ஸ் எழுதணும், எந்த 3 வருஷ டிகிரி முடிச்சிருந்தாலும் எழுதலாம், அங்க இருக்குற ஐடிசி 1969ல ஆரம்பிச்ச டிசைன் ஸ்கூல். ஆனா புதுசா வர்றவங்களுக்கு நேரா ரிசர்ச் வேலை கிடைக்கறது கஷ்டம்க்கா, மறைக்க விரும்பல. இன்டர்ன்ஷிப்ல ஆரம்பிச்சு பெங்களூரு, சென்னைன்னு போக வேண்டி வரலாம், அதுக்கு வீட்ல இப்பவே பேசி வெச்சுக்கோங்க.

5 பேர்கிட்ட பேசி முடிச்சதும் அந்த நோட்டோட குன்னூர் வரச் சொல்லுங்க, மார்க் ஷீட் வேண்டாம், வலது பக்கத்த நானும் அவளும் உக்காந்து படிக்கறோம்.